தொற்றுநோய் ஆராய்ச்சியில் இறங்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர், மருத்துவப் படிப்பை முடித்து இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். அடுத்து தொற்றுநோய் மருத்துவம் படித்து அதிலேயே ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று ஆசை. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "இதயம், நரம்பு என்று எதையாவது எடு. காசநோயும் மலேரியாவும் போன தலைமுறை நோய்" என்கிறார் என் பெரியப்பா. அவரும் டாக்டர்தான். என் பேராசிரியரோ, "ஆராய்ச்சி என்றால் ஆய்வுக்கூடம். வார்டில் நின்றுகொண்டே விஞ்ஞானி ஆக முடியாது, இரண்டில் ஒன்றை முடிவு செய்" என்கிறார். போதாக்குறைக்கு, உலகச் சுகாதாரத்துக்குத் தரும் நிதியைப் பணக்கார நாடுகள் வெட்டுகின்றன என்று தினமும் படிக்கிறேன். இந்தச் சமயத்தில் இதில் இறங்குவது அசட்டுத்தனமா? பெரியம்மையை ஒழித்த மாதிரி இன்னொரு நோயையாவது என் காலத்துக்குள் ஒழிக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள டாக்டர்,

பெரியப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படித்த காலத்தில் நிரம்பி வழிந்த வார்டுகள் அவர் கண்முன்னேயே காலியாகியிருக்கும். அதைப் பார்த்தவருக்கு நோயே போய்விட்டது என்று தோன்றுவது இயல்பு. ஒரு நோயைப் போன தலைமுறை நோய் என்று சொல்வதற்கு, அது நம் தெருவைவிட்டுப் போனால் போதும் என்று ஆகிவிட்டது. 2023-இல் மட்டும் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயில் விழுந்தார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மலேரியா எடுத்துக்கொண்ட உயிர்கள் ஏறக்குறைய 6 லட்சம். அதில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள்.

இதயம் எடுத்தால் தொற்றுநோயிலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணமும் சரியில்லை. வால்வு மாற்றிய நோயாளியையும் சிறுநீரகம் மாற்றிய நோயாளியையும் பத்தாவது நாளில் பயமுறுத்துவது கிருமிதான். ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்த மரணங்கள் 2019-இல் 12.7 லட்சம் என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு சொன்னது. எந்தச் சிறப்புப் பிரிவுக்குப் போனாலும் இதைச் சந்திக்காமல் ஓய்வு பெற முடியாது.

அதற்காக எல்லாம் இருட்டு என்றும் சொல்ல மாட்டேன். 1990-இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2022-இல் அந்த எண்ணிக்கை 50 லட்சத்துக்குள் வந்துவிட்டது. தடுப்பூசி, கொசுவலை, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்று பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் சங்கதிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அந்தத் தண்ணீரை வைத்துத்தான் உங்கள் பேராசிரியருக்குப் பதில் சொல்லப் போகிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காலரா கடுமையாக வந்தவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறும். காலையில் நடந்து வந்தவர் மாலையில் கண் குழிவிழுந்து கிடப்பார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய மடிப்பு அப்படியே நிற்கும். நரம்பில் திரவம் ஏற்றினால் பிழைத்துவிடுவார். ஆனால் அதற்குப் பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், சுருங்கிப்போன நரம்பைத் தேடிக் குத்தத் தெரிந்த ஆள் வேண்டும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியல் விஞ்ஞானி, குடலில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். சோடியம் போகிற பக்கம் தண்ணீரும் போகும். காலராவின் நச்சு குடலை என்ன பாடு படுத்தினாலும் இந்த ஒரு கதவை மட்டும் சாத்துவதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்களும் அவர்களுடைய சகாக்களும், வாய்வழியாகக் கரைசல் கொடுத்தே நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவையைப் பெருமளவு குறைக்கலாம் என்று நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். நாலினும் கேஷும் அப்போது முப்பது வயதைக்கூடத் தொடவில்லை. உங்கள் வயதை நினைத்துத் தயங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அறிவியல் முடிந்துவிட்டதா? இல்லை. டாக்காவில் நடந்தது பயிற்சி பெற்றவர்கள் அளந்து கொடுத்த சிகிச்சை. 1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பங்கான் என்ற எல்லை ஊரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கு இருந்தவை இரண்டு அறைகள். கட்டில் கிடைக்காதவர்கள் தரையில் கிடந்தார்கள். குழந்தை மருத்துவரான திலீப் மகாலானபிஸ் அங்கே போனபோது, அந்தத் தரையின் வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டுத்தான் நரம்பு தேட வேண்டியிருந்தது. கையிருப்பில் இருந்த பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

அவர் எடுத்த முடிவு இதுதான். கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஆய்வு மையத்தின் நூலக அறையில் குளுகோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் எடைபோட்டுப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, பையின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. முகாமில் டிரம் டிரம்மாகத் தண்ணீரில் கரைத்து வைத்தார்கள். நோயாளிக்குப் புகட்டியது யார்? அம்மா, அண்ணன், பக்கத்தில் இருந்த யாரோ. முகாம்களில் 30 சதவீதம் வரை இருந்த காலரா மரணம், இந்தக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இதில் வைத்தியம் எங்கே முடிகிறது, விஞ்ஞானம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் பேராசிரியரை. பங்கானில் சோதிக்கப்பட்டது ஒரு புதிய கருதுகோள். பயிற்சியே இல்லாத சொந்தக்காரர் கையால் கொடுத்தாலும் இந்தச் சிகிச்சை வேலை செய்யுமா என்ற கேள்விக்கு அதுவரை யாரிடமும் பதில் இல்லை. துறையின் பெரியவர்கள் பலர் அப்போது நம்பவும் இல்லை, ஊசி இல்லாத வைத்தியம் இரண்டாந்தரம் என்ற நினைப்பு. 1978-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் தன் தலையங்கத்தில், குடலில் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே போகின்றன என்ற கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு ஒரு தாயின் கையிலிருந்த கோப்பைக்கு வந்து சேர, இடையில் யாரோ ஒருவர் முழங்காலை நனைக்க வேண்டியிருந்தது.

உங்கள் பேராசிரியர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. கிரேன் தேடிக்கொண்டிருந்தது காலரா மருந்தை அல்ல. குடல் எப்படி வேலை செய்கிறது என்பதையே பல ஆண்டு குடைந்துகொண்டிருந்தவர். அந்த வேலையை ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு மாலை நேரத்தில் செய்ய முடியாது. உங்களுக்கு மூலக்கூறுகளின் மேல்தான் காதல் என்றால் அவர் சொன்னபடி ஆய்வுக்கூடத்துக்கே போய்விடுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று என் அனுபவத்தைச் சொன்னால் புரியும்.

நான் இளம் டாக்டராக ஒரு காசநோய்ப் பிரிவில் இருந்தபோது, ஒரு முறை சிகிச்சை எடுத்தும் நோய் திரும்பி வந்தவர்களுக்கு எட்டு மாத வைத்தியம் கொடுத்தோம். அதில் முதல் இரண்டு மாதம் மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உண்டு. கட்டட வேலை செய்யும் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒழுங்காக மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுபோனார். சிவப்பு மையில் அவர் பெயருக்கு நேரே 'டீஃபால்ட்டர்' என்று எழுதினேன். அந்தக் காலத்தில் அதுதான் அதிகாரபூர்வச் சொல். கடன் வாங்கிவிட்டுக் கட்டாமல் ஓடியவருக்கும் அதே சொல்தான்.

நான்கு மாதம் கழித்து இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரைக் கூட்டி வந்தார்கள். துண்டில் ரத்தம். "ஏன் வரவில்லை?" என்று நான் கத்தியது நன்றாக நினைவிருக்கிறது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க ஒம்பது மணிக்குத்தான் சார் தொறக்கிறீங்க. மேஸ்திரி ஆறு மணிக்கு ஆளெடுப்பாரு. ஊசிக்கு வந்தா அன்னிக்கு வேலை இல்ல. வேலை இல்லாட்டி சோறு இல்ல. வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போட்டா எல்லாம் வெளிய வந்துருது." அவர் பிழைக்கவில்லை.

அவர் இறந்த வாரம் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்பு மையில் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தொழில் என்ற கட்டத்தில் பாதிக்கும் மேல் தினக்கூலி. ஒவ்வொரு மாதமும் நானே நிரப்பிய பதிவேடு அது. அந்தக் கட்டத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. 'நோயாளி ஏன் வரவில்லை' என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவன், 'சிகிச்சை ஏன் ஒன்பது மணிக்குத்தான் கிடைக்கிறது' என்று கேட்க ஆரம்பித்தேன். என் முதல் ஆய்வே அதுதான். விடியற்காலையில் ஊசி போட ஒரு செவிலியரை வைத்துக்கொண்டு, ஒரு வருடம் விடுபட்ட ஊசிகளை எண்ணினோம். எலியும் வேண்டியிருக்கவில்லை, நுண்ணோக்கியும் வேண்டியிருக்கவில்லை. விடுபடுவது குறைந்தது. கட்டுரையை அனுப்பினால், இது நிர்வாகம், அறிவியல் அல்ல என்று ஒரு மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பினார். இன்றுவரை அந்தக் குறிப்பை வைத்திருக்கிறேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 'டீஃபால்ட்டர்' என்ற சொல்லை உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் கைவிட்டது, இப்போது 'தொடர்பில் இல்லாதவர்' என்ற பொருளில் எழுதுகிறோம். அந்த எட்டு மாத வைத்தியத்தையே கொடுக்க வேண்டாம் என்று 2017-இல் சொல்லிவிட்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போட்டோம். அதில் காது கேட்காமல் போனவர்கள் பலர். அதற்கும் 2022 முதல் ஊசியே இல்லாமல் ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். நோயாளி சிகிச்சையைத் தேடி அலைந்தது போய், சிகிச்சை அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்திருக்கிறது. இதில் வேதியியலும் இருக்கிறது, ஊசிக்குப் பயந்தவர்களும் செவிடானவர்களும் சொன்ன புகார்களும் இருக்கின்றன. அந்தப் புகார்களைக் காதால் கேட்டவர்கள் டாக்டர்கள். அவற்றை ஆராய்ச்சிக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவர்கள் அவர்களில் ஒரு சிலர். அந்தச் சிலருக்குத்தான் எப்போதும் பஞ்சம்.

இந்த வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956-இல் மெட்ராஸில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் தலைமையில் ஒரு ஆய்வு தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. 190-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் மீதிப் பேரை அவரவர் நெரிசலான வீட்டுக்கும் அனுப்பி ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் குணம் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் தொற்று கூடுதலாக வரவில்லை. உலகமெங்கும் சானடோரியங்களைச் சார்ந்திருந்த வைத்தியம் மாறியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். கேள்வியைப் பாருங்கள்: "இவர் ஏன் வீட்டிலேயே இருக்கக் கூடாது?" ஒரு நோயாளியின் மனைவி கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

சமீபத்திய உதாரணமும் ஒன்று உண்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு. காசநோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவுப் பொருள்கள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. இப்படிக் குறைக்கும் ஒரு தடுப்பூசி வந்திருந்தால் அன்றைய தலைப்புச் செய்தியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, ஒழிப்புக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: ஒன்றிரண்டு நோய்கள் உங்கள் காலத்துக்குள் போகலாம். நீங்கள் நினைக்கும் பெரிய நோய்கள் போகாது.

பெரியம்மை ஒழிந்ததைப் பார்த்து நாம் கொஞ்சம் தவறான பாடம் படித்துக்கொண்டோம். அந்த நோய்க்குச் சில பலவீனங்கள் இருந்தன. மனிதனைத் தவிர வேறு எந்த விலங்கிலும் ஒளிந்துகொள்ளாது. வந்தால் முகத்திலேயே தெரியும், பரிசோதனை வேண்டாம். ஒரே தடுப்பூசியில் பாதுகாப்பு வருடக்கணக்கில் நிற்கும். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபேகி என்ற அமெரிக்க டாக்டரிடம் எல்லாருக்கும் போடுமளவு தடுப்பூசி இல்லை. மிஷனரிகளிடம் இருந்த ரேடியோ மூலம் எந்தெந்த ஊரில் நோயாளி என்று தகவல் திரட்டி, நோயாளியைச் சுற்றி இருந்தவர்களுக்கும் அடுத்து நோய் பரவக்கூடிய இடங்களுக்கும் மட்டும் போட்டார். காட்டுத்தீயைச் சுற்றி வெட்டிவிடுவது மாதிரி. நோய் நின்றது. பற்றாக்குறையில் பிறந்த அந்த உத்திதான் பிறகு உலகம் முழுக்கப் போனது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா ஊரில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்ததோடு இயற்கையான பெரியம்மை முடிந்தது. 1980-இல் அறிவித்தார்கள்.

போலியோவைப் பாருங்கள். தொற்று ஏற்பட்ட ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விழும். மீதிப் பேர் கண்ணுக்கே தெரியாமல் பரப்பிக்கொண்டிருப்பார்கள். 1988-இல் தொடங்கிய முயற்சி, இயற்கை வைரஸைப் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலுமாக ஒடுக்கிவிட்டு, அங்கேயே நிற்கிறது. நரம்புச் சிலந்திப் புழு நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. துணியால் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தே 1986-இல் 35 லட்சமாக இருந்ததை 2024-இல் 15 பேராகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் நாய்களுக்கும் வருகிறது என்று தெரிந்த பிறகு கடைசி அடி நீண்டுவிட்டது. போகலாம் என்று நான் சொன்னவை இந்த இரண்டும்தான். காசநோயோ, உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரின் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. நம் கையில் இருக்கும் ஒரே தடுப்பூசி 1921-இல் வந்தது. புதிதாக ஒன்று பெரிய அளவிலான மூன்றாம் கட்டச் சோதனையில் இருக்கிறது. அது நன்றாகவே வேலை செய்தாலும் ஒழிப்பு என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன்.

அந்தச் சொல்லால் கெடுதலும் உண்டு. இலங்கையில் 1963-இல் மலேரியா நோயாளிகள் 17 பேர். ஆமாம், பதினேழு. வெற்றி என்று நினைத்து மருந்து தெளிப்பதையும் தேடுவதையும் தளர்த்தினார்கள். 1968, 69-இல் லட்சக்கணக்கானோருக்குக் காய்ச்சல். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2016-இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஐம்பது வருடம். ஒழித்துவிட்டோம் என்று மேடை போடும் அவசரத்தில் எண்ணுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், கொசுவுக்கு அந்த மேடை பற்றித் தெரியாது. நோய் குறையக் குறையக் கண்காணிப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு கூடும். அதை எந்த நிதியமைச்சரிடமும் விளக்குவது சிரமம். உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான், கொஞ்சம் சலிப்பான வேலை.

மாலினைப் பற்றி இன்னொன்று. ஊசிக்குப் பயந்து தடுப்பூசியைத் தவிர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிழைத்தெழுந்தவர் பின்னாளில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்து, தயங்கும் பெற்றோரிடம் தன் கதையைச் சொன்னார். 2013-இல் அந்தப் பணியில் இருந்தபோது காய்ச்சல் வந்து இறந்தார். மலேரியா.

இனிப் பணம். நீங்கள் படிக்கும் செய்திகள் உண்மைதான். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1 அன்று தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. நடுவில் நின்றுபோன ஆய்வுகளும் மூடிய கிளினிக்குகளும் பல. இதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். எச்.ஐ.வி. மாத்திரையை ஒருவர் ஒரு மாதம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே படித்திருப்பீர்கள்.

ஆனால் பணம் இருந்த காலத்திலும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. எபோலாவுக்கு எதிரான ஒரு தடுப்பூசி குரங்குகளை முழுமையாகக் காப்பாற்றியதாக 2005-இலேயே கட்டுரை வந்துவிட்டது. கனடாவின் அரசு ஆய்வுக்கூடத்தில் உருவானது. வாங்கும் சக்தி உள்ளவர் யாருக்கும் அந்த நோய் வரவில்லை, தடுப்பூசி அலமாரியில் இருந்தது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவி 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015-இல் கினியாவில் அதே தடுப்பூசியை, ஃபேகியின் அந்தப் பழைய வளைய முறையில் போட்டுச் சோதித்தார்கள், நன்றாக வேலை செய்தது. பத்து வருடம் எங்கே போனது? எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள் 1996-இல் வந்தன. வருடத்துக்கு ஒரு நோயாளிக்கு 10,000 டாலருக்கு மேல். 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொல்லும்வரை, ஏழை நாட்டு நோயாளிகளுக்கு இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று படித்தவர்களே பேசினார்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்றுகூடச் சொன்னார்கள். 'டீஃபால்ட்டர்' என்ற அதே நினைப்பு, கொஞ்சம் பெரிய அளவில்.

ஆகவே என் கவலை நிதி குறைவதோடு நிற்கவில்லை. கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதும் கவலைதான். பணம் தூரத்திலிருந்து வந்தால் கேள்வியும் அங்கிருந்தே வரும். இங்கிருந்து ரத்த மாதிரி போகும், கட்டுரை திரும்பி வரும், அதில் உள்ளூர் டாக்டரின் பெயர் நடுவில் எங்கேயோ இருக்கும், சில சமயம் நன்றியுரையில். 'பாராசூட் ஆராய்ச்சி' என்று கேலியாகச் சொல்வார்கள். நீங்கள் எந்தக் கூட்டு ஆய்வில் சேர்ந்தாலும் மூன்று விஷயங்களை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்: மாதிரிகள் யாருடையவை, தரவைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டா, மருந்து வெற்றி பெற்றால் ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு அது கிடைக்குமா. கேட்டால் முகம் சுளிப்பவர்களுடன் சேர வேண்டாம்.

உங்கள் படிப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மேற்படிப்பில் தொற்றுநோய் மருத்துவத்தை எடுங்கள், ஆனால் அதோடு புள்ளியியலையும் நோய்ப்பரவலியலையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். யாரிடமோ தரவைக் கொடுத்து "இதில் ஏதாவது வருகிறதா பாருங்கள்" என்று நிற்கும் டாக்டராக இருக்காதீர்கள், நான் சில வருடம் அப்படி நின்றிருக்கிறேன். ஒரே ஒரு நோயையும் ஒரே ஒரு நிதியாளரையும் நம்பி வாழ்க்கையைக் கட்ட வேண்டாம். மருத்துவச் சோதனையை வடிவமைக்கத் தெரிந்தவருக்குக் காசநோயில் பணம் வற்றினால் டைபாய்டில் வேலை இருக்கும். சம்பளம் உங்கள் வகுப்புத் தோழர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் நோயாளி, எத்தனை நாள் ஆராய்ச்சி என்பதை வேலையில் சேரும்போதே பேசி முடியுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆராய்ச்சி நாள்தான் முதலில் காணாமல் போகும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலை எண்ண வேண்டாம். அவரோடு ஒரு நாள் ரவுண்ட்ஸ் போய்ப் பாருங்கள். நோயாளி பேச ஆரம்பித்து எத்தனை நொடியில் குறுக்கிடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

அசட்டுத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் முடிவெடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் தொடர்பில் இல்லை என்று குறிக்கப்பட்ட காசநோயாளி யாராவது நிச்சயம் இருப்பார். அவரைத் தேடிப்போகும் சுகாதாரப் பணியாளரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் போங்கள். அவரைத் திட்டாமல், ஏன் நிறுத்தினார் என்று கேட்டு, சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். முகக்கவசம் மறக்க வேண்டாம். பேச்சை வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா வருவதாகச் சொன்னால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.